முகமூடித் தபால்காரன் ஏழாம் பாகம்

என் அண்ணி ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டு போடுகிறவள். எலும்பு முறிவுப் பிரிவின் கோடி அறையில், முழங்கை வரை வெள்ளையாகப் பூசிக்கொண்டு நிற்பாள். வலி தாங்காமல் அலறுகிறவர்களிடம், "கத்துங்க, நல்லா கத்துங்க, யாரும் எதுவும் சொல்ல மாட்டாங்க. ஆனா அசையாதீங்க" என்பாள். டாக்டர்கள்கூட அவளைக் 'கட்டு மேடம்' என்றுதான் கூப்பிடுவார்கள். வீட்டுக்கு வந்து, நகக்கண்ணில் காய்ந்திருக்கும் மாவைச் சுரண்டிக் கழுவி, டி.வி. முன்னால் உட்கார்ந்தாள் என்றால் வேறு ஆள். அந்தக் காலத்து மூன்றாந்தரப் படங்கள் என்றால் அவளுக்கு உயிர்.

மூன்றாந்தரம் என்று நான் சொல்லவில்லை. அவளே சொல்வாள், அதுவும் பெருமையாக. தியேட்டரில் பெரிய படத்துக்கு முன்னால் கொசுறாக ஓட்டுவதற்கென்றே எடுத்த படங்கள். பத்துப் படத்துக்கு ஒரே சோபா, ஒரே வில்லன், ஒரே மாடிப்படி. அவற்றிலும் அவளுக்கு ரொம்பப் பிடித்தது தொடர்படங்கள். வாரம் ஒரு பாகம் ஓட்டுவார்கள். ஒவ்வொரு பாகத்தின் முடிவிலும் கதாநாயகன் ரயிலுக்கு அடியிலோ, எரிகிற கிடங்குக்கு உள்ளேயோ, மலையுச்சியிலிருந்து கீழேயோ போய்விடுவான். செத்தான் என்று நினைத்துக்கொண்டே ஜனங்கள் ஒரு வாரம் தவித்துவிட்டு வருவார்கள். அடுத்த பாகத்தில் பார்த்தால், கார் உருளுவதற்கு ஒரு நொடி முன்னால் கதவைத் திறந்து குதித்திருப்பான். போன வாரம் அந்தக் கதவு திறக்கவே இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். "பச்சை ஏமாத்து" என்று அண்ணி கைதட்டிச் சிரிப்பாள். "என்ன துணிச்சலா ஏமாத்துறாங்க பாருங்க சின்னவரே!"

சின்னவர் என்றால் நான்தான், அவளுடைய கொழுந்தன். மாடியில் குடியிருக்கிறேன். ரேடியோ, மிக்ஸி, டேப் ரிக்கார்டர் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். அதனால் அவளுடைய வி.சி.ஆருக்கு நான்தான் குடும்ப டாக்டர்.

இந்தப் பைத்தியம் பிடித்தது அவள் கல்யாணமாகி வந்த புதிதில். தெருமுனை வீடியோ கடைக்காரர் கடையை மூடும்போது, யாரும் வாடகைக்குக் கேட்காத கேசட்டுகளை ஒரு சாக்கில் போட்டுக் குப்பைத்தொட்டிக்கு இழுத்துக்கொண்டு போனார். அண்ணி வழியில் மறித்து வாங்கி வந்துவிட்டாள். எல்லாம் பழைய தொடர்படங்கள். ஏதோ ஒரு கம்பெனி பெட்டியில் கிடந்த படச்சுருளையெல்லாம் கேசட்டாக்கி விற்க முயன்று, விற்காமல் கையைச் சுட்டுக்கொண்டிருந்தது. அட்டையில் ஒரு புலி பாயும். உள்ளே படத்தில் பூனைகூட வராது.

அன்று ஆரம்பித்தது. கொஞ்ச நாளில் அண்ணனுடைய சட்டைகள் அலமாரியை விட்டு வெளியேறிக் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கின. அந்த இடத்தில் கேசட்டுகள் முதுகைக் காட்டி நின்றன. ஆஸ்பத்திரிக்கு வரும் கருவிகளின் பெட்டியில், ஈரத்தை உறிஞ்சக் குட்டிக்குட்டிப் பொட்டலங்கள் போட்டிருப்பார்களே, அவற்றைப் பொறுக்கி வந்து கேசட்டுகளுக்கு நடுவே சொருகுவாள், பூஞ்சை பிடிக்காமலிருக்க. அண்ணன் பஸ் டிப்போவில் நேரக்காப்பாளன். எதற்கும் பதறாதவன். "உங்க அண்ணிகூட ஒரே வீட்ல இருக்கணும்னா நானும் ஒரு கேசட்டாத்தான் ஆகணும்டா" என்பான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை மதியம் அவனும் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்வான். முதல் சண்டை முடிவதற்குள் குறட்டை கேட்கும்.

எல்லாவற்றிலும் அவளுக்குச் செல்லம் 'முகமூடித் தபால்காரன்'. பன்னிரண்டு பாகம், ஆறு கேசட். பகலில் பையும் சைக்கிளுமாகக் கடிதம் கொடுக்கிறவன், ஊருக்கு ஆபத்து என்றால் முகமூடி மாட்டிக்கொண்டு கூரை கூரையாகத் தாவுவான். தபால்காரனாக நடித்தவர் பேசும்போது அவருக்குத் தொப்பை இருக்கும். முகமூடி போட்டு ஓட ஆரம்பித்தால் தொப்பை காணாமல் போய்விடும். விழுவதற்கும் தாவுவதற்கும் வேறு ஆள் என்பது கண்ணில்லாதவனுக்கும் தெரியும். அந்த வேறு ஆள் யார் என்பதுதான் அண்ணியின் கேள்வி. படத்தின் ஆரம்பத்தில் போடும் பெயர்களில் கண்ணாடி துடைத்தவர் பெயர்கூட இருக்கும், விழுந்தவர் பெயர் இருக்காது.

ஒரு நாள் என் கடைக்கே வந்துவிட்டாள். "சின்னவரே, படத்தை நிறுத்தினா கோடு கோடா ஆடுது. ஆடாம நிறுத்த வழி இருக்கா?"

வி.சி.ஆரைப் பிரித்து, நாடாவைப் படிக்கும் தலையைச் சுத்தம் செய்து, தேய்ந்த ரப்பர் சக்கரத்தை மாற்றிக் கொடுத்தேன். அன்று சாயங்காலம் கயிற்றில் தொங்குகிற முகமூடிக்காரனை நிறுத்திவைத்து, விரலால் தொட்டுக் காட்டினாள்.

"வலது முழங்கை பாருங்க. முழுசா நீளல. சின்ன வயசுல ஒடிஞ்சு, ஒழுங்கா கட்டாம விட்டிருக்காங்க. கோணலாச் சேர்ந்திருக்கு."

பிறகு வேறு கேசட் போட்டாள். ஒரு குடையை வைத்துக்கொண்டு கொலைகாரர்களைப் பிடிக்கும் குடை இன்ஸ்பெக்டர் படம். அதில் கதாநாயகி கவுன் பறக்க ரயிலிலிருந்து உருளுகிறாள். நிறுத்தினாள். அதே முழங்கை. அடுத்து ஒரு காட்டுராணி படம். அதே முழங்கை.

"ஆணுக்கும் இதே ஆள்தான் விழுது, பொண்ணுக்கும் இதே ஆள்தான் விழுது. அந்த இடுப்பு அசையறதைப் பாருங்க, அது ஆம்பளை நடை இல்ல. ஒரு பொண்ணுதான் இந்த அத்தனை பேருக்காகவும் விழுந்திருக்கா சின்னவரே! யாருக்கும் தெரியாம!"

அண்ணன் தலையணையிலிருந்து முகத்தை எடுக்காமலேயே சொன்னான், "உனக்கு எங்க பார்த்தாலும் எலும்பு."

ஆனால் அண்ணியின் மனசில் அந்தப் பெண் குடியேறிவிட்டாள். கட்டுப் போடும்போதுகூட நினைத்துக்கொள்வாளாம், இந்த மாதிரி எத்தனை முறை அவள் வந்து உட்கார்ந்திருப்பாள், யார் கட்டியிருப்பார்கள் என்று. ஞாயிறு சந்தையில் பழைய கேசட் விற்கிற ஒருவர் உண்டு. எல்லோருக்கும் அவர் கேசட் மச்சான். அவரிடம் போகும்போதெல்லாம் அண்ணி இதைத்தான் கேட்பாள். ஒரு நாள் அவரே கூப்பிட்டுச் சொன்னார், "மேடம், அந்தப் படங்களை எடுத்த கம்பெனிக்குத் துணி தைச்ச டைலர் இன்னும் இருக்காராம். பள்ளிக்கூட யூனிபார்ம் தைக்கிற கடை."

டைலர் ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே யோசித்தார். "விழுறதுக்கா? அந்தக் கம்பெனியில விழுறதுக்குன்னே ஒரு குடும்பம் இருந்துச்சும்மா. அந்தப் பொண்ணு அப்புறம் நகராட்சி நீச்சல் குளத்துல வேலைக்குச் சேர்ந்துச்சு."

நீச்சல் குளத்தில் கேட்டோம். ஓய்வு பெற்றுப் பல வருஷமாயிற்று, பழைய சோப்பு ஆலைக்குப் பின்னால் உள்ள குடியிருப்பில், மூன்றாவது மாடியில் இருக்கிறார் என்றார்கள். மறுநாளே போனோம். அண்ணி நல்ல புடவை கட்டிக்கொண்டு, பழம் வாங்கிக்கொண்டு, பெண் பார்க்கப் போகிறவள் மாதிரி படியேறினாள்.

திறந்தவருக்கு எழுபதுக்கு மேல் இருக்கும். ஒட்ட வெட்டிய நரைமுடி, அகலமான தோள். நீச்சல்காரம்மா என்றுதான் அந்தக் குடியிருப்பில் சொல்கிறார்கள். அண்ணி மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள்: கேசட், முகமூடி, ரயில், காட்டுராணி. அந்தம்மா கதவில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "உள்ள வாங்க" என்று கையை நீட்டினார்.

அந்தக் கை அளவுகோல் மாதிரி நேராக நீண்டது. வலது கை. முழங்கையில் ஒரு கோணல் இல்லை.

அண்ணி அந்தக் கையையே பார்த்தாள். பிறகு இடது கையைப் பார்த்தாள். அதுவும் நேர். அவள் முகம் சுருங்கிப்போனதை நான் பார்த்தேன். "மன்னிச்சுக்கங்கம்மா. நாங்க தேடி வந்தவங்க நீங்க இல்ல போலிருக்கு. அவங்களுக்கு முழங்கை கோணலா இருக்கும்."

நீச்சல்காரம்மா சிரிக்க ஆரம்பித்தார். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

"அது என் தம்பிம்மா!"

"தம்பியா? ஆனா அந்த நடை... அந்த இடுப்பு..."

"அவன் நடக்கிறதே அப்படித்தான். எங்கம்மாகூடக் கேலி பண்ணுவாங்க. கவுன் மாட்டி, டோப்பா வச்சுவிட்டா எந்தக் கதாநாயகிக்கு வேணும்னாலும் விழுவான். அந்தக் கவுனைக் கழட்டவே மாட்டான், அதோடவே உட்கார்ந்து மதியச் சாப்பாட்டையும் சாப்பிடுவான்."

என்னால் அடக்க முடியவில்லை. அண்ணியின் பக்கம் திரும்பாமல் சிரித்தேன். அவள் என் காலை மிதித்தாள். ஆனால் அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அத்தனை வருஷமாக ஒரு பெண்ணை நினைத்து உருகியிருக்கிறாள், அது ஒரு ஆம்பளை.

"அப்ப நீங்க?" என்றாள் அண்ணி.

"நான் தண்ணி. அவனுக்கு நீச்சல் தெரியாது. எத்தனையோ தடவை சொல்லிக் கொடுத்தேன், கல்லு மாதிரி போவான். தரையில விழுறது அவன், தண்ணில விழுறது நான். அந்தத் தபால்காரன் படத்துல ஒரு பாலம் வரும். பாலத்துலருந்து குதிக்கிறது அவன். கீழ ஒரு வலையைக் கட்டிப் பிடிச்சுக்குவாங்க. அப்புறம் அதே மாதிரி டிரஸ்ஸைப் போட்டுக்கிட்டு நான் போய்த் தண்ணில விழுவேன். மேல தம்பி, கீழ அக்கா, நடுவுல நறுக்குனு வெட்டி ஒட்டிடுவாங்க."

"படத்துல எப்படி வந்திருக்குன்னு பார்த்தீங்களா?"

"நான் ஒண்ணுகூடப் பார்த்ததில்லம்மா. நாள் முழுக்க விழுந்துட்டு, சாயங்காலம் டிக்கெட் எடுத்து அதையேவா போய்ப் பார்ப்பாங்க? அப்புறம் பார்த்துக்கலாம்னு இருந்தோம். அப்புறம் தியேட்டர்ல அந்த மாதிரிப் படம் போடுறதே நின்னுபோச்சு." பழப்பையை வாங்கி வைத்துவிட்டுச் சொன்னார், "அவன் போயே முப்பது வருஷமாச்சு. நெஞ்சு வலி. ஏணியிலருந்து, குதிரையிலருந்து, கூரையிலருந்தெல்லாம் விழுந்தவன், சும்மா பெஞ்சில உட்கார்ந்திருந்தப்ப போயிட்டான். ஒரே ஒரு போட்டோ இருக்கு. அதுலயும் பாதி முகத்துல நிழல்."

அண்ணி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "எங்க வீட்ல அவர் இருக்காரும்மா. அலமாரி நிறைய இருக்கார்."

அடுத்த ஞாயிறு அண்ணன் போய் நீச்சல்காரம்மாவை ஆட்டோவில் கூட்டி வந்தான். அன்று அவன் தூங்கவில்லை. அண்ணி முதல் பாகத்தைப் போட்டாள். முகமூடிக்காரன் ஓட்டுக் கூரையில் ஓடிவந்து, ஒரு வைக்கோல் வண்டியில் விழுந்தான். அந்தம்மா அழுவார் என்று நினைத்து அண்ணி கைக்குட்டையோடு தயாராக இருந்தாள். அவரோ முன்னால் குனிந்து டி.வி.யைப் பார்த்துக் கத்தினார்:

"முழங்காலை மடக்குடா! எத்தனை தடவை சொல்றது!"

பிறகு எங்களைத் திரும்பிப் பார்த்து, வெட்கப்பட்டு, "இன்னொரு தடவை போடும்மா" என்றார். அந்த வைக்கோல் வண்டியில் அவர் தம்பி அன்று எத்தனை தடவை விழுந்தார் என்று எண்ணவில்லை. வி.சி.ஆர். சூடாகி நாற்றம் வந்த பிறகுதான் நான் நிறுத்தச் சொன்னேன்.

இப்படியே ஆறு பாகம் போயிற்று. ஏழாம் பாகம்தான் பாலம். அண்ணியிடமோ ஏழாம் பாகம் இல்லை. நாலாவது கேசட் இருக்கிறது. ஆனால் யாரோ ஒரு புண்ணியவான் மேலே பதிவு செய்ய முடியாதபடி அதன் முனையில் இருக்கும் ஓட்டையைச் செல்லோடேப்பால் அடைத்து, ஏழாம் பாகத்துக்கு மேலேயே தன் வீட்டுப் பிறந்தநாள் விழாவைப் பதிவு செய்திருந்தான். ஒரு குழந்தை மெழுகுவர்த்தியை ஊதும், அணையாது, மறுபடி ஊதும். சஃபாரி சூட் போட்ட ஒரு மாமா குறுக்கே குறுக்கே வருவார். எட்டாம் பாகம் மட்டும் தப்பித்திருந்தது. அதில் தபால்காரன் பாலத்துக்கு அடியில் இரும்புக் கம்பியைப் பிடித்துத் தொங்குகிறான், தண்ணீரில் விழவே இல்லை. வழக்கமான பச்சை ஏமாத்து. இந்த முறை அண்ணிக்குச் சிரிப்பு வரவில்லை.

"பாலம் எங்கம்மா?" என்று நீச்சல்காரம்மா கேட்டார்.

"வரும்மா. கொஞ்சம் பொறுங்க" என்றாள் அண்ணி.

அந்தப் பாகம் இருந்தது ஒரே ஒருவரிடம். மருந்துக்கடைக்காரர். அவரும் சேகரிப்பவர்தான், ஆனால் வேறு ஜாதி. கேசட்டைப் பிரிக்கவே மாட்டார். மேலுறை கிழியாமல், கண்ணாடி அலமாரியில் பூட்டி வைத்திருப்பார். "ஓட்டினா தேயும்" என்பது அவர் கொள்கை. அண்ணிக்கும் அவருக்கும் சந்தையில் பலமுறை வாய்ச்சண்டை நடந்திருக்கிறது. பார்க்காத படத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று இவள், பார்த்தே அழிக்கிற ஆளிடம் கேசட் எதற்கு என்று அவர்.

நானும் கூடப் போனேன். இரவல் கேட்டாள். அவர் மருந்துப் பட்டையைக் கத்தரித்துக்கொண்டே தலையாட்டினார். "இரவல் கிடையாது. மாத்திக்கிறதுன்னா பேசலாம். உங்ககிட்ட குடை இன்ஸ்பெக்டர் முழு வரிசை இருக்கே, பழைய அட்டையோட."

குடை இன்ஸ்பெக்டர் ஒன்பது படம். ஒன்பதாவதைத் தேடி அண்ணி எத்தனை சந்தை அலைந்தாள் என்று எனக்குத் தெரியும். அது கிடைத்த அன்று வீட்டில் எல்லோருக்கும் கேசரி கிண்டியவள்.

"வீட்டுக்குப் போய் யோசிச்சுச் சொல்றோம்" என்றேன் நான்.

"யோசிக்கிறதுக்கு என்ன இருக்கு" என்றாள் அண்ணி. மறுநாளே ஒன்பதையும் துண்டில் சுற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவர் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்து வைத்துவிட்டுக் கேட்டார், "ஒரு கேசட்டுக்காக இவ்வளவா? அப்படி என்னங்க அவசரம்?"

அண்ணி சொன்னாள். அக்கா, தம்பி, பாலம், எல்லாம். மருந்துக்கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "முன்னாடியே சொல்லியிருந்தீங்கன்னா..." என்று இழுத்தார். அவ்வளவுதான், முடிக்கவில்லை. ஒன்பதையும் திருப்பிக் கொடுக்கவும் இல்லை. பஸ்ஸில் வரும்போது அண்ணி ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். மடியில் அந்த ஒற்றைக் கேசட்டை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

ஞாயிறு வந்தது. மேலுறையைக் கிழிப்பதற்கு முன் அண்ணி ஒரு நிமிஷம் தயங்கினாள். பிறகு நகத்தால் கீறி, சர்ரென்று உரித்தாள். புதுக் கேசட்டின் வாசனை வந்தது.

பாலம் பாகத்தின் கடைசியில் வந்தது. வில்லனின் ஆட்கள் இரண்டு பக்கமும் மறிக்கிறார்கள். முகமூடித் தபால்காரன் கைப்பிடிச் சுவரில் ஏறுகிறான். கையை விரிக்கிறான், வலது கை முழுசாக விரியவில்லை. குதிக்கிறான். வெட்டு. தண்ணீர் சிதறுகிறது. 'அடுத்த வாரம்' என்ற எழுத்து வந்துவிட்டது.

"அவ்வளவுதானா?" என்றார் நீச்சல்காரம்மா. "காலையிலருந்து பொழுது சாயுற வரைக்கும் எடுத்தாங்க! எனக்குக் காதெல்லாம் தண்ணி. ரெண்டு நொடியா வந்திருக்கு?"

எல்லோரும் சிரித்தோம். அண்ணி பின்னால் ஓட்டி மறுபடி போட்டாள். மூன்றாவது தடவை தண்ணீர் சிதறும்போது நீச்சல்காரம்மா கையைத் தூக்கினார். "நிறுத்து. நிறுத்தும்மா."

அண்ணி நிறுத்தினாள். படம் ஆடாமல் நின்றது. நடுவில் வெள்ளையாகத் தண்ணீர், அதற்குள் ஒரு முகமூடித் தலை. அந்தம்மா எழுந்து டி.வி. அருகே போய்ப் படத்தின் இடது ஓரத்தைத் தொட்டார். கரையில், புதருக்குப் பக்கத்தில், இன்னொரு முகமூடித் தபால்காரன் நின்றுகொண்டிருந்தான். தோளில் ஒரு பெரிய துண்டு.

அண்ணன் கண்ணைத் தேய்த்துக்கொண்டான். "ரெண்டு தபால்காரனா?"

"அவன்தான்" என்றார் நீச்சல்காரம்மா. "தண்ணி அன்னிக்கு ஐஸ் மாதிரி இருந்துச்சு. நான் மேல வர்றதுக்குள்ள குளிர்ல செத்துடுவேன்னு பயந்துக்கிட்டு, துண்டை வச்சுக்கிட்டுக் கரையிலயே நின்னான். 'படத்துல தெரியுற, தள்ளிப் போ'ன்னு கேமராக்காரர் கத்திக்கிட்டே இருந்தார். போகவே இல்ல போலிருக்கு, கழுதை."

கம்பெனிக்காரர்கள் கவனிக்கவில்லை, தியேட்டரில் உட்கார்ந்து பார்த்தவர்களும் கவனிக்கவில்லை. ஒரே ஆளாக நடித்த அக்காவும் தம்பியும் ஒரே சமயத்தில் படத்தில் நின்றுகொண்டிருந்தார்கள். அந்தம்மா விரலை எடுக்காமல் வெகுநேரம் நின்றார். அதற்குப் பிறகுதான் கைக்குட்டை தேவைப்பட்டது. ஆனால் அதை முதலில் எடுத்துக்கொண்டது அண்ணி.

அந்த ஒரு காட்சியை டி.வி. திரையிலிருந்து நானே போட்டோ எடுத்து, பெரிதாக்கி, கண்ணாடிச் சட்டம் போட்டுக் கொடுத்தேன். புள்ளி புள்ளியாகத்தான் இருந்தது. நீச்சல்காரம்மா அதைக் கட்டிலுக்கு எதிரில் மாட்டிவைத்தார். பார்க்க வருகிறவர்களிடம், "இது நான், இது என் தம்பி" என்பார். அவர்களுக்கு முகமூடி போட்ட ஒரு தலையும், புதரும்தான் தெரியும். தலையாட்டிவிட்டுப் போவார்கள்.

அவர் அதற்குப் பிறகு நாலைந்து வருஷம் இருந்தார். அனேகமாக ஒவ்வொரு ஞாயிறும் வந்தார். அண்ணியிடம் இருந்த எல்லாத் தொடரையும் பார்த்து முடித்தார்கள், பிறகு முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். தரை வந்தால் தம்பி, தண்ணீர் வந்தால் அவர். இப்போது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் அது அத்துப்படி. முதல் கொஞ்ச நாள் காதல் காட்சி வந்தால் வேகமாக ஓட்டித் தள்ளிவிடச் சொல்வார். போகப்போக அதையும் பார்க்க ஆரம்பித்தார். ஒரு நாள் தொப்பைக் கதாநாயகர் நிலா வெளிச்சத்தில் நின்று பாடிக்கொண்டிருந்தார். நீச்சல்காரம்மா அண்ணியின் பக்கம் சாய்ந்து, மெதுவாகக் கேட்டார்:

"இந்த ஆளு இவ்வளவு அழகாவா இருந்தாரு? கூடவே வேலை பார்த்தும் எனக்குத் தெரியாமப் போச்சே!"